கேட்டவர் டம்ளர் கழுவணும்

என் ஓரகத்தியைப் பற்றி எழுதி ஒருத்தி பட்டம் வாங்கப் போகிறாள். எழுதியது வேறு யாருமில்லை, அவள் வயிற்றில் பிறந்த மகள்தான். அந்தப் பட்டம் வீட்டுச் சுவரில் ஏறுவதற்குள் நானும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பட்டமெல்லாம் வேண்டாம், வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கினால் போதும். நீ மட்டும் என்ன செய்கிறாயாம், நீயும் அவளைப் பற்றித்தானே எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் கோபத்தில் எழுதுகிறேன், மகள்காரி ஆற அமர எழுதினாள். அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

ஓரகத்தி என்பது வெளியாட்களுக்குச் சொல்வது. எனக்கு அவள் அக்கா. அண்ணனைக் கட்டியவள் அவள், தம்பியைக் கட்டியவள் நான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரண்டு பேருக்கும் வேலை. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவளே அவள்தான். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் ஒருவர் விட, மறுபக்கம் காய்ந்து வழவழவென்று வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அக்காவும் நானும் இப்படி நெருங்கி வந்து விலகிப் போய்க்கொண்டே இருப்போம். மெஷின் போடுகிற சத்தத்தில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் கத்துவதற்குத் தகுதியுள்ள விஷயத்தை மட்டும்தான் பேசுவோம்.

அக்காவுக்கு அங்கே 'இஸ்திரி மூஞ்சி' என்று பெயர். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. சிரிப்பும் அளவு, கோபமும் அளவு. என் மூத்தார், அதாவது அவள் புருஷன், அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில்தான் போய்ச் சேர்ந்தார். நர்ஸ் அவருடைய கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். அக்கா வாங்கிக் கைப்பையில் வைத்து ஜிப்பை மூடினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள். சில நாள் லீவு முடிந்ததும் உருளைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "அண்ணி கல்லு மாதிரி நிக்கறாங்களே" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் சொல்லப் போக, நான் அவரோடு பேசாமல் கிடந்தேன்.

அந்தக் கல்தான் சனிக்கிழமை சாயங்காலமானால் கரைந்து ஓடும்.

டிவியில் வரும் ஒரு தொடருக்காகத்தான். மூழ்கிப்போன கப்பல்களிலிருந்து பொருள்களை மீட்டெடுக்கும் ஒரு சின்னக் கப்பலின் கதை. நாங்கள் அதைக் 'கப்பல்' என்றே சொல்வோம். அதற்கு ஒரு பெண் கேப்டன், வாயைத் திறந்தால் அதட்டல். ஒரு கிழட்டு டாக்டர், கேப்டனுக்குத் தெரியாமல் பிஸ்கட் திருடித் தின்பவர், சொல்கிற ஜோக் அத்தனையும் அறுவை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டிக்கொண்டே வருஷக்கணக்காகக் கடலில் சுற்றினார்கள். அதைப் பார்க்க அக்கா வீட்டு முன்னறையில் ஒரு கூட்டம் கூடும். எதிர் சலூன்காரர், மேல்மாடி வார்டு நர்ஸ், ஆரம்பப் பள்ளி வாத்தியார், அப்புறம் நான். இன்னும் இரண்டு மூன்று பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள்.

கூட்டம் ஆரம்பித்த அன்றைக்கே அக்கா ஒரு சட்டம் போட்டுவிட்டாள்.

"பாக்கறப்போ அழுங்க, சிரிங்க, திட்டுங்க. அது ஏன், இது எதுக்குன்னு மட்டும் யாரும் யாரையும் கேக்கக் கூடாது. அதெல்லாம் ஞாயித்துக்கிழமை. மீறிக் கேட்டவங்க அத்தனை பேர் டீ டம்ளரையும் கழுவணும்."

வாத்தியாருக்கு நாக்கு நிற்காது. படம் ஓடும்போதே "டாக்டர் ஏன் இவ்வளவு நேரம்..." என்று ஆரம்பிப்பார், தானே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து டம்ளர்களைப் பொறுக்குவார். அவர் கையில் சோப்பு வாசனை இல்லாத சனிக்கிழமை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அத்தனை பேரும் வக்கீலாகிவிடுவோம். கேப்டன் அந்தத் துறைமுகத்தில் இறங்காதது ஏன், டாக்டர் சொன்னது பொய்யா மெய்யா என்று போனிலேயே மயிரைப் பிளப்போம். அதில் அக்காதான் பெரிய வக்கீல். ஆராய்ச்சி என்றால் எங்களுக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதற்கும் ஒரு வேளை உண்டு என்பதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

அழுபவர்களுக்கென்று ஒரு துண்டு இருந்தது. ஓரம் கிழிந்ததால் ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட பெரிய வெள்ளைத் துண்டு. அழுதவர் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு நீட்டிவிட வேண்டும், ஒன்றும் பேசக் கூடாது. அது பெரும்பாலும் அக்கா மடியில்தான் கிடக்கும்.

இந்த அறையில் வளர்ந்தவள்தான் பாப்பா. அக்காவின் ஒரே மகள். கல்யாண வயதெல்லாம் தாண்டியாயிற்று, வீட்டில் இன்னும் பாப்பாதான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ரசிகர் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது அவள் தலைப்பு. நம் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சலூன்காரர் அந்த வாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேச்சைப் பதிவு செய்யலாமா என்று கேட்டாள், தாராளமாக என்றோம். காகிதம் நீட்டினாள், கையெழுத்துப் போட்டோம். எங்கள் ஜோக்குகள் புத்தகத்தில் வரப்போகின்றன என்றுதான் ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்தோம். பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் அவள் போனை வைத்தாள். இரண்டாம் வாரம் அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டோம்.

டாக்டர் செத்துப்போனது அந்தச் சமயத்தில்தான். புயலோ சண்டையோ ஒன்றும் இல்லை. கேப்டன் காலையில் வழக்கம்போலத் திட்டிக்கொண்டே அவர் அறைக்குள் போகிறாள், அவர் கண்ணாடியைக் கழற்றாமல் படுத்திருக்கிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மெல்லக் கழற்றி, சட்டையில் துடைத்து, தன் பைக்குள் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அடிவயிற்றிலிருந்து வந்தது. சலூன்காரர் டிவியை நிறுத்தப் போக, நான் வேண்டாமென்று சைகை காட்டினேன். துண்டு அவள் மடியிலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை. போகும்போது நர்ஸ் மட்டும் அவள் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா யாருடைய போனையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை உருளைக்கு முன்னால் வந்து நின்றவளின் முகத்தில், மூத்தார் போனபிறகு முதல்முறையாக, ஒரு தெளிச்சி இருந்தது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தபோது பாட்டு முணுமுணுத்தாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாப்பா தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு எங்கள் எல்லாரையும் அழைத்தாள். கடையை மூடிவிட்டு சலூன்காரர் வந்தார், ஷிப்ட் மாற்றிக்கொண்டு நர்ஸ் வந்தாள். அக்கா நல்ல புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். என் மகள் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லவும் சொன்னாள்.

பாப்பா நன்றாகத்தான் பேசினாள், குரலில் நடுக்கமே இல்லை. "பங்கேற்பாளர் மூன்று" என்று ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண், உடலுழைப்பாளி, கணவரை இழந்தவர், இழந்தபோது அழாதவர். அந்தத் துக்கம் கதாபாத்திரத்தின் மேல் இடம் மாற்றப்படுகிறது என்றாள். ரசனை என்று அவர் நம்புவது ரசனை இல்லை, தள்ளிப்போட்ட துக்கம் என்றாள். அப்புறம் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

அக்காவின் அந்தச் சத்தம் மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தது.

முன்வரிசையில் சிலர் தலையைச் சாய்த்துக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் 'அடடா' என்று தலையாட்டினார், நல்ல பாட்டுக்கு ஆட்டுவதுபோல. சத்தம் ஓய்ந்ததும் பாப்பா சொன்னாள், "கணவரோட கண்ணாடியை பங்கேற்பாளர் இன்னைக்கும் தன்னோட கைப்பையில வச்சிருக்கார்." இன்னும் கூடவே வைத்திருக்கிறாள் என்பது எங்கள் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சலூன்காரர் திரும்பினார். வாத்தியார் திரும்பினார். அவர்கள் திரும்புவதைப் பார்த்து யார் யாரோ திரும்பினார்கள். அத்தனை கண்ணும் அக்காவின் மடியிலிருந்த கைப்பை மேல் இருந்தது. அக்கா அதன்மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து அந்தப் பெண்ணின் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வர வேண்டும்போல இருந்தது. அக்கா என் முழங்காலை அழுத்திப் பிடித்துவிட்டாள். கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள்.

மறுநாள் வேலைக்கு அவள் கைப்பை இல்லாமல் வந்தாள். சாப்பாட்டு டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நான் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டே கத்தினேன்.

"நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேளேன் அக்கா. உன் பொண்ணுதானே."

"அவ சொன்னது பொய்யா?"

"பொய்யோ மெய்யோ, அதை ஊருக்குச் சொல்ல அவ யாரு?"

அக்கா நெருங்கி வந்து முனையைச் சேர்த்தாள். கத்தாமல் என் காதுக்கு மட்டும் சொன்னாள். "அது அவருக்காகத்தான்னு எனக்குத் தெரியாதாடி? தெரியாத மாதிரி இருந்து அழறதுக்குத்தானே அந்த ரூமே."

சொல்லிவிட்டு அடுத்த விரிப்பைப் பிடிக்கப் போய்விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாப்பாவைத் தேடிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போனேன். ஒரு நீள அறை, வரிசையாக மேசைகள், ஜன்னலோரம் அவளுடையது. மேசைமேல் பாதி குடித்த காபி, பக்கத்தில் அந்தப் போன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"உங்கம்மாவை மண்டபத்துல வச்சு உரிச்சுத் தொங்க விட்டியே, மனசு ஆறிடுச்சா?"

"பேரே சொல்லல சித்தி. எல்லாரும் சம்மதிச்சு எழுதிக் கொடுத்தீங்க. அழுகையைக் கேவலமா நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சீரியல் பாத்து அழற பொம்பளைங்கன்னு உலகமே சிரிக்குது. அதுக்குள்ள இவ்வளவு இருக்குன்னுதானே சொன்னேன்."

"யாருக்குச் சொன்னே? நோட்டு எடுத்தாங்களே, அவங்களுக்கா? ரசனையே இல்லைன்னியே, அது பெருமையா? அவ டாக்டருக்காகவும்தான் அழுதா. அந்த ஆளோட அறுவை ஜோக்குக்கு வருஷக்கணக்கா சிரிச்சவ அவ. அதெல்லாம் கணக்குல சேராதா?"

அவள் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். பிறகுதான் அவளுக்கும் கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கோபம், மூக்கு நுனியில் தொடங்கும்.

"அப்பா போனப்போ நான் அம்மா மூஞ்சியையே பாத்துட்டு இருந்தேன் சித்தி. எப்போ அழுவா, எப்போ அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு நானும் அழலாம்னு. அவ அழவே இல்ல. நானும் அழல. அப்புறம் பிஸ்கட் திருடற ஒரு கிழவன் டிவில செத்தான்னு அப்படி அழுதா. எனக்கு எப்படி இருக்கும்? ஒரு காரணம் கண்டுபிடிக்கலைன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்."

"அவகிட்ட கேட்டிருக்கலாமே."

"அந்த வீட்டுலதான் கேக்கவே கூடாதே."

அது சரிதானே என்று தோன்றியதால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. திட்டுவதற்காக வந்த பஸ்ஸிலேயே, திட்டி முடிக்காமல் திரும்பிப் போனேன்.

அதற்குள் எங்கள் கூட்டத்துக்கு வேறொரு வியாதி பிடித்துவிட்டது. ஆளாளுக்குத் தன்னைத் தானே ஆராய ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலமே, கேப்டன் திட்டும் காட்சி வந்தால் சலூன்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்னை எங்கப்பா கண்டிப்பா வளர்க்கல, அதனாலதான் இந்தம்மா திட்டறது பிடிக்குதோ என்னவோ" என்பார். அவர் அப்பா எப்பேர்ப்பட்ட ஆள், பெல்ட்டைக் கையிலிருந்து இறக்காதவர், அது தெருவுக்கே தெரியும். நர்ஸ் கண் கலங்கினால் சட்டென்று கொட்டாவி விடுவதுபோல நடித்தாள். அழுதால் அடுத்த ஆள் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பானே என்ற பயம். டம்ளர் கழுவும் சட்டத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை. அக்கா துண்டைத் துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்தாள். கொஞ்ச வாரத்தில் முன்னறைக் கதவையும் மூடினாள். தலைவலி என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சலூன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

கப்பலின் கடைசிப் பாகம் வருகிறது என்று தெரிந்ததும் நர்ஸ்தான் சலவைக்கூடத்துக்கே இறங்கி வந்தாள். "இதை நான் தனியாப் பாக்க மாட்டேன்க்கா. நீங்க கதவைத் திறக்கலைன்னா நான் பாக்கவே போறதில்ல" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். அக்கா யோசித்துவிட்டு, "வாங்க" என்றாள். அதற்காகத் துண்டை வெளியே எடுத்ததையும் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, பழையபடி, அந்த அறையில் உட்கார்ந்து அழுதுவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் மடித்த விரிப்புகளில் ஒன்றுகூட முனை சேரவில்லை.

எல்லாரும் வந்துவிட்டோம். படம் ஆரம்பிக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பாப்பா. கையில் பிஸ்கட் பாக்கெட், போன் இல்லை. அக்கா ஏறிட்டுப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாப்பா தரையில், அவள் சின்ன வயதில் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள்.

கடைசியில் கேப்டன் தனியாகச் சுக்கானைப் பிடித்து நிற்கிறாள். பையிலிருந்து டாக்டரின் கண்ணாடியை எடுத்து, எதிரே பலகைமேல், கடலைப் பார்க்கிற மாதிரி வைக்கிறாள். "பிஸ்கட் தீந்துபோச்சு, வழியில வாங்கணும்" என்கிறாள். கப்பல் கிளம்புகிறது.

அறையில் யாரும் டிவியைப் பார்க்கவில்லை. வாத்தியார் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார், சலூன்காரர் பார்த்தார், நானும்தான் பார்த்தேன். துண்டு அவள் மடியில் இருந்தது. அவள் முகம் அப்போதுதான் உருளையிலிருந்து வந்தது போல இருந்தது. கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

வெடித்தது பாப்பாதான். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. கையை நீட்டினாள், துண்டுக்காக. அந்த அறையில் வளர்ந்தவள், பழக்கம்.

அக்கா துண்டைக் கொடுக்கவில்லை.

"ஏன் அழறே?" என்றாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டருக்கா, அப்பாவுக்கா? சொல்லு. படிச்சவதானே."

"தெரியலம்மா."

"தெரிஞ்சுக்கிட்டு அழு."

அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து அறைய வேண்டும்போல எனக்கு இருந்தது. பெற்ற மகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கிழிந்த துண்டைக் கொடுக்க மனம் வராதா என்று ஒரு பக்கம் கோபம். இவளை இப்படிப் பேசவைத்தது யார் என்று இன்னொரு பக்கம். வாத்தியார் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டாச்சுங்களே" என்றார்.

அக்கா துண்டை பாப்பாவின் மடியில் போட்டுவிட்டு எழுந்து டம்ளர்களைப் பொறுக்கினாள். வாத்தியார் கையிலிருந்த டம்ளரில் டீ பாதி இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டாள்.

நான் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

"வரலடி" என்றாள். "அழுகை கிட்ட வரப்போ அவ குரல் கேக்குது. பங்கேற்பாளர் மூணு, பங்கேற்பாளர் மூணுன்னு. நான் அழறதை நானே பக்கத்துல உக்காந்து பாக்கறேன். அவ அழறதைப் பாத்தாவது வரும்னு நினைச்சேன். அதுவும் வரல."

நான் அவளோடு சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாப்பா வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கிக் கிடந்தது. "அம்மா, இன்னும் அதை அச்சுக்குக் கொடுக்கல. பங்கேற்பாளர் மூணை மொத்தமா எடுத்துடறேன். அந்தப் பதிவையும் அழிச்சுடறேன்" என்றாள். அது அவளுக்கு எத்தனை வருஷத்து உழைப்பு என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அக்கா குழாயை மூடினாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். "அங்கயாவது நான் அழுதுட்டு இருப்பேன்ல."

கழுவிய டம்ளரை நீட்டினாள். பாப்பா வாங்கி அந்தத் துண்டாலேயே துடைத்து வைத்தாள்.